ஷ்வான் கண்டதும் சொன்னதும்

மனித உடலை அறுத்து ஆராய்ந்தவர்கள் பல நூறு ஆண்டுகளாக உறுப்புகளையே எண்ணிக்கொண்டிருந்தார்கள். இதயம், ஈரல், மூளை, குடல் என்று அவர்களது பட்டியல் நீண்டது. அவ்வுறுப்புகள் எவற்றால் ஆனவை என்ற கேள்வியை முறையாக எழுப்பியவர் பாரிஸ் நகரின் இளம் மருத்துவர் சேவியர் பிஷா. உடலில் 21 வகைத் திசுக்கள் உள்ளன என்று 1801 இல் வெளிவந்த தமது நூலில் அவர் வகுத்துக் காட்டினார். ‘திசு’ என்னும் சொல்லுக்குப் பிரெஞ்சு மொழியில் நெய்யப்பட்டது என்பதே பொருள். ஈழத்துப் பாடநூல்கள் அதனை ‘இழையம்’ என்று எத்துணை அழகாகத் தமிழாக்கிக் கொண்டன!

இவ்வளவையும் பிஷா நுண்ணோக்கியின் துணையின்றியே செய்தார் என்பதுதான் வியப்பு. திசுக்களை வேகவைத்தார், உலர்த்தினார், அமிலத்தில் ஊறவைத்தார், அழுகவிட்டும் பார்த்தார். நுண்ணோக்கியை மட்டும் அவர் நம்பவில்லை. தெளிவற்ற ஒன்றை உற்று நோக்குபவர் ஒவ்வொருவரும் தத்தம் மனத்தில் உள்ளதையே காண்கிறார் என்பது அவருடைய ஐயம். 1802 இல், 30 வயதிலேயே அவர் மறைந்தார்.

அவருடைய ஐயம் வீண்போகவில்லை. அக்கால வில்லைகள் ஒளியைச் சிதறடித்தன. பொருளின் விளிம்பைச் சுற்றி வண்ண வளையங்கள் தோன்றின. நுண்ணிய புள்ளிகள் யாவும் உருண்டு திரண்ட மணிகளாகத் தெரிந்தன. 1823 இல் மில்ன்-எட்வர்ட்ஸ் என்னும் அறிஞர், தசையாயினும் நரம்பாயினும் எல்லாத் திசுக்களும் ஒரு மில்லிமீட்டரில் முந்நூற்றில் ஒரு பங்கு விட்டமுள்ள மணிகளால் ஆனவை என்று எழுதினார். அளவு முதற்கொண்டு துல்லியமாகச் சொன்ன கூற்று, ஆனால் உண்மையன்று. 1827 இல் இலண்டனில் ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் என்ற மது வணிகர் குறை நீக்கிய புதிய வில்லைகளை அமைத்து, தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற மருத்துவரோடு சேர்ந்து அதே திசுக்களைப் பார்த்தார். மணிகளைக் காணோம். தசையில் கோடுகளுள்ள இழைகளே இருந்தன. ‘கண்ணால் காண்பதும் பொய்’ என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது நுண்ணோக்கிக்கும் பொருந்தத்தான் செய்கிறது.

வில்லை திருந்தியது. ஆனால் எதைத் தேடுவது என்பது இன்னும் தெரியவில்லை. இவ்வேளையில்தான் தெயோடோர் ஷ்வான் வருகிறார். இவர் 1810 இல் ஜெர்மனியின் நாய்ஸ் நகரில் பக்தியுள்ள கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். கொலோன் நகரில், முன்பு இயேசு சபையார் நடத்திய கல்லூரியில் பயின்றவர். கூச்ச சுபாவம் உடையவர். பெர்லினில் யோகான்னஸ் முல்லர் என்னும் பேராசிரியரிடம் உதவியாளராக இருந்தபோது, இரைப்பையில் உணவைச் செரிக்கச் செய்யும் பெப்சினை 1836 இல் கண்டறிந்தார்.

ஒருநாள் தாவரவியலார் ஷ்லைடனோடு அவர் உணவருந்திக்கொண்டிருந்தார். தாவர உயிரணு ஒவ்வொன்றும் உருவாவதில் உட்கருவுக்குப் பெரும் பங்குண்டு என்று ஷ்லைடன் பேச்சுவாக்கில் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த ஷ்வானுக்குச் சட்டென்று நினைவு வந்தது: தலைப்பிரட்டையின் முதுகுநாணில் அதே போன்ற ஓர் உருவத்தைத் தாம் முன்னமே பார்த்திருக்கிறோமே! இருவரும் உடனே உடற்கூற்றியல் கூடத்திற்குச் சென்று நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஷ்லைடன் தமது தாவரங்களில் கண்ட அதே உட்கருதான் என்று ஒப்புக்கொண்டார். இதனை ஷ்வானே தம் முதுமையில், 1878 இல் தமக்கு எடுக்கப்பட்ட விழாவில், எடுத்துரைத்தார். முன்பே கண்ணில் பட்டது அன்றுதான் கருத்தில் பட்டது.

அன்று முதல் உட்கரு அவருக்கு ஓர் அடையாள முத்திரை ஆயிற்று. எத்திசுவைக் கண்டாலும் அவர் அதனைத் தேடினார். முழுதும் வளர்ந்த உடலில் அது மறைந்திருந்தால், கருவில் வளரும் அதே திசுவை எடுத்து, அது உருவாகும் வழியை முதலிலிருந்து தொடர்ந்தார். இன்றைய வசதிகள் எவையும் அவருக்கு இல்லை. கார்மைன் சாயம் ஏற்றும் முறையை கெர்லாக் பிரபலமாக்கியது 1858 இல்தான். உட்கருவை ஊதாவாகவும் சுற்றியுள்ளதை இளஞ்சிவப்பாகவும் காட்டும் சாயங்கள் அதற்கும் பின்பு வந்தவை. இன்று மருத்துவக் கல்லூரி மாணவன் ஒருவன் வண்ணமேற்றிய தகட்டைப் பார்த்து, தளக்கற்கள் பதித்தாற்போல் இருந்தால் மேலடுக்குத் திசு என்றும், குறுக்குக் கோடுகள் இருந்தால் எலும்போடு இணைந்த தசை அல்லது இதயத் தசை என்றும், சிறு குழிகளுக்குள் இரண்டிரண்டாக உயிரணுக்கள் ஒதுங்கியிருந்தால் குருத்தெலும்பு என்றும், மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல் வட்டங்கள் தெரிந்தால் எலும்பு என்றும் சொல்லிவிடுகிறான். ஷ்வானோ நிறமற்ற, நீர்த்தன்மையான, ஏறத்தாழக் கண்ணாடி போன்ற பொருளில் இவற்றைப் பிரித்தறிய வேண்டியிருந்தது.

1839 இல் அவருடைய நூல் வெளிவந்தது. பிஷாவின் 21 வகைகளை ஒதுக்கிவிட்டுத் திசுக்களை ஐந்து வகுப்புகளாக அவர் அமைத்தார். குருதியில் உள்ளவை தனித்தனியே மிதக்கும் உயிரணுக்கள். தோலின் மேற்பரப்பிலும் நகத்திலும் அவை தனித்தன்மை இழக்காமல் ஒன்றோடொன்று நெருங்கி நிற்கின்றன. குருத்தெலும்பிலும் எலும்பிலும் பல்லிலும் அவற்றின் சுவர்கள் கலந்துவிடுகின்றன. தசைநாண்களில் இழைகளாக நீள்கின்றன. தசையிலும் நரம்பிலும் சுவரும் உள்ளிடமும் சேர்ந்து ஒன்றாகிவிடுகின்றன. எந்த அளவுக்கு உயிரணு தன் தனிமையை விட்டுக்கொடுக்கிறது என்பதே இப்பாகுபாட்டின் அடிப்படை. பறவையின் இறகும் மனிதரின் எலும்பும் வெங்காயத் தோலும் ஒரே வகை அலகால் ஆனவை என்பதை அதற்கு முன் யாரும் இவ்வளவு விரிவாக நிறுவியதில்லை.

இந்நூலில் தவறுகளும் உண்டு. உருவமற்ற ஒரு பாய்மத்தில் உப்புக்கரைசலில் பளிங்கு விளைவது போல உயிரணுக்கள் தோன்றுகின்றன என்று ஷ்வான் கருதினார். அவர் கண்டது உட்கரு. பளிங்கு அவரது ஊகம். ஏற்கெனவே உள்ள உயிரணு பிரிந்துதான் புதியது பிறக்கிறது என்பதை 1850களில் ராபர்ட் ரேமாக் தம் ஆய்வுகளால் காட்டினார். யூதரான அவர் திருமுழுக்குப் பெற மறுத்ததால் பிரஷ்ய நாட்டில் முழுப் பேராசிரியர் பதவி அவருக்கு மறுக்கப்பட்டது. அக்கருத்தை 1855 இல் முழங்கிப் புகழ்பெற்றவர் ருடோல்ப் விர்கோ. நரம்பிழையின் உறையில் ஷ்வான் கண்ட உட்கருக்களும் இவ்வாறே. நரம்பு முழுவதும் உயிரணுக்கள் இணைந்து உண்டான குழாய் என்றார் அவர். நரம்பிழையைச் சுற்றிப் போர்த்திக் காக்கும் தனி உயிரணுக்களின் உட்கருக்கள் அவை என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. அவ்வுயிரணுக்களுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

1839 இல் பெல்ஜியத்தின் லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்திற்கும், 1848 இல் லியேஜ் நகருக்கும் அவர் பேராசிரியராகச் சென்றார். அங்கே அமைதியாகக் கழிந்த அவர் வாழ்வில், புவா தென் என்னும் சிற்றூரிலிருந்து ஒரு சோதனை வந்தது. அவ்வூர் ஏழைப்பெண் லூயிஸ் லாதோவின் உடலில் 1868 இல் ஆண்டவரின் காயங்கள் தோன்றி, வெள்ளிக்கிழமைதோறும் குருதி வடிந்தது. அவள் பரவச நிலையும் அடைந்தாள். மக்கள் திரண்டார்கள். லூவேன் மருத்துவப் பேராசிரியர் லெபேவ்ர் அவளைக் கவனமாக ஆராய்ந்து, இயற்கை விளக்கம் காணமுடியவில்லை என்று 1870 இல் நூல் எழுதினார்.

அதற்கு முன்பே, 1869 மார்ச் 26, பெரிய வெள்ளியன்று, குருக்கள் சிலரோடு ஷ்வானும் அவள் வீட்டிற்குச் சென்றிருந்தார். அன்று நடந்த சோதனைகள் புதுமையை மெய்ப்பிக்கப் போதா என்பதே அவருடைய கருத்து. ஆயினும் உலகப் புகழ்பெற்ற உடலியல் அறிஞர் அது புதுமையே என்று ஏற்றுக்கொண்டார் என்ற செய்தி பரவியது. ஜெர்மனியில் பிஸ்மார்க் அரசு திருச்சபையை நெருக்கிக்கொண்டிருந்த காலம் அது. நம்மவர்க்கு ஒரு சான்று தேவைப்பட்டது. 1874 இல் பிரெஸ்லாவ் நகரில், ஷ்வானின் உயிரணுக் கொள்கையைத் திருத்திய அதே விர்கோ, இது ஒன்று ஏமாற்று, இல்லையேல் புதுமை என்று சவால் விடுத்தார்.

ஷ்வானின் நிலை எளிதன்று. மறுத்தால் திருச்சபையின் எதிரிகள் மகிழ்வார்கள். வாய் மூடியிருந்தால் தாம் காணாததைக் கண்டதாகச் சொன்ன பழி தமக்கு. நம்பிக்கையுள்ள ஒருவர் இத்தகைய தருணத்தில் மௌனம் காப்பதையே பலரும் விவேகம் என்பர். நான் அவ்வாறு எண்ணவில்லை. தாய்த் திருச்சபைக்கு நம் மிகைச்சொல்லால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

1875 இல் அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அந்தப் பெரிய வெள்ளியன்று லூயிஸ் லாதோவிடம் நடத்தப்பட்ட சோதனைகள் பற்றிய தமது கருத்துரை என்பதே அதன் தலைப்பு. தம் பெயரால் பரப்பப்பட்ட சான்றை அதில் அவர் மறுத்தார். புதுமைகள் நிகழா என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பெண்ணை ஏமாற்றுக்காரி என்றும் சொல்லவில்லை. அன்றைய சோதனைகள் எதைக் காட்டின, எதைக் காட்டவில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டார். கத்தோலிக்க நம்பிக்கையையும் அவர் விடவில்லை.

1880 இல் ஓய்வுபெற்ற ஷ்வான், 1882 சனவரி 11 அன்று கொலோன் நகரில் காலமானார். லூயிஸ் லாதோ அடுத்த ஆண்டு, 1883 இல், தன் 33 ஆம் வயதில் இறந்தாள்.