உறை மாறினாலும் ஒட்டாத மென்பொருள்

திருப்பூரில் பனியன் துணி பின்னும் எந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஓர் அங்குலத்திற்கு எத்தனை ஊசிகள் என்பதைக் 'கேஜ்' என்பார்கள். 24 கேஜ் எந்திரத்தில் 30-ஆம் நம்பர் நூல் நன்றாக ஓடும். பருமனான 10-ஆம் நம்பர் நூலை ஏற்றினால் ஊசி தாங்காது. கோனின் வடிவம் ஒன்றாக இருப்பதால் மட்டும் நூல் பொருந்திவிடாது. கணிப்பொறி மென்பொருளிலும் இத்தகைய சிக்கல் உண்டு. அதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது.

1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை மட்டுமே. அதனுடன் பிற மென்பொருள்களைச் சேர்த்து முழுமையாக்கித் தருபவை 'வழங்கல்கள்'. 1993-இல் தொடங்கிய டெபியன், தன் மென்பொருள்களை 'டெப்' என்னும் பொதிகளாகக் கட்டியது. ரெட் ஹேட் நிறுவனம் 'ஆர்.பி.எம்.' என்னும் வேறு முறையை வகுத்தது. ஜெர்மனியின் சூசே அதைப் பின்பற்றியது.

தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் 2007-ஐ ஒட்டிச் சூசேயை ஏற்றது. அதே ஆண்டில் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸோ டெபியன் வழி வந்தது. 2011-இல் தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்கு அரசு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோசுடன் பாஸும் இடம்பெற்றது. சூசேக்கென்று கட்டிய பொதியை அதில் நேரே நிறுவ இயலாது.

உறையை மாற்றினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். 'ஏலியன்' என்னும் நிரல் அதைத்தான் செய்கிறது. ஆனால் பெரிய சிக்கல் உறைக்குள்ளே இருக்கிறது. கோப்பைத் திறப்பது, எழுத்துகளைக் காட்டுவது போன்ற வேலைகளை நிரல்கள் 'நூலகம்' எனப்படும் பொதுத் தொகுப்புகளிடம் விட்டுவிடுகின்றன. (திருப்பூர் அன்பர்கள் இதை நூல் கிடங்கு என்று எண்ணிவிட வேண்டாம்!) இவற்றுள் அடிப்படையானது 'ஜி-லிப்-சி'. அதன் புதிய பதிப்பை நம்பி உருவாக்கிய நிரல், பழைய பதிப்புள்ள கணிப்பொறியில் ஓட மறுக்கும். பழைய நிரல் புதிய பதிப்பில் பெரும்பாலும் தொல்லையின்றி ஓடும்; பழைய வாசல்களை அது மூடுவதில்லை. ஆகவே பிற்பட்ட டெபியனுக்கான பொதி, அதே 'டெப்' ஆனாலும், பழைய பாஸில் நின்றுவிடக்கூடும். இயங்குதளத்தைப் புதுப்பிக்க வழியில்லாத மாணவருக்கு இது சிறு இடையூறு அன்று. தேவையான மென்பொருளே கிடைக்காமற் போகிறது.

வழங்கல்களுக்குப் பொது விதி வகுக்க 1998-இல் 'லினக்ஸ் தர அடிப்படை' என்னும் முயற்சி தோன்றியது. பொதிக்கு அது ஆர்.பி.எம். முறையையே தேர்ந்தது. 2015-இல் டெபியன் அதனைப் பெரும்பாலும் கைவிட்டது. இதில் வியப்பில்லை என்பேன். ஓயாது மாறும் நூலகங்களைக் காகித விதி எத்தனை நாள் கட்டிவைக்கும்?

பின்னர் வந்த 'ஸ்னாப்', 'பிளாட்பாக்' பொதிகள் வேண்டிய நூலகங்களைத் தம்முடன் கொண்டுவருகின்றன. பெரும்பாலான வழங்கல்களில் ஓடுகின்றன. ஆனால் இடத்தை மிகுதியாகப் பிடிக்கின்றன. மேலும், நூலகத்தில் ஓட்டை கண்டால் முன்பு ஓரிடத்தில் அடைத்தால் போதும். இப்போது அதைச் சுமக்கும் பொதிகளை எல்லாம் தனித்தனியே திருத்த வேண்டியிருக்கிறது.