இரண்டு ஸ்டேஷன் தள்ளி

சேப்பாக்கத்தில் இறங்க வேண்டியவன், ஒன்பது வருஷம் கலங்கரை விளக்கத்தில் இறங்கினேன். பறக்கும் ரயிலில் இரண்டு ஸ்டேஷன் தள்ளி.

இசிஜி தாளைப் பார்த்த டாக்டர், "மாத்திரை மட்டும் போதாது, தினமும் நடக்கணும்" என்று சொல்லிவிட்டார். காலை நேரம் தண்ணி லாரிக்குப் போய்விடும், சாயங்காலம் ஃபைலுக்கு. மிச்சமிருந்தது சீசன் டிக்கெட்தான். ஒரு ரயில் முன்னாடி பிடித்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அலையோரமாக வடக்கே நடந்தால், உழைப்பாளர் சிலையருகே சாலையைக் கடந்து பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிடலாம். பேன்ட் மடிப்பிலிருந்து என் நாற்காலிக்கடியில் கொட்டும் மணலுக்காகப் பெருக்குகிற அம்மாவிடம் தினமும் திட்டு.

பேன்ட் என்றதும் ஜெர்ரி மோரிஸ் நினைவுக்கு வருகிறார். லண்டன் மாடி பஸ்களில் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் டிரைவரைவிட, படியேறி இறங்கும் கண்டக்டருக்கு மாரடைப்பு குறைவு என்று 1953இல் எழுதியவர். டிரைவர்கள் முன்பே குண்டாக இருந்திருப்பார்களோ என்ற சந்தேகம் வந்தபோது, சீருடை பேன்ட்டுகளின் இடுப்பளவைத் தேடிப்பிடித்து ஒப்பிட்டார். ஒல்லியோ குண்டோ, திடீர் மரணம் டிரைவர்களுக்குத்தான் அதிகமாக இருந்தது. நானும் டிரைவர் ஜாதிதான், ஸ்டியரிங் மட்டும் இல்லை.

நான் நடந்த கரைக்கு வயது அதிகமில்லை. துறைமுகம் வருவதற்கு முன் கடல் சாலைக்குப் பக்கத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. 1870களில் துறைமுகச் சுவர்களைக் கட்ட ஆரம்பித்தார்கள். 1881 புயல் அவற்றை உடைத்த பிறகு மறுபடியும் கட்டினார்கள். இந்தக் கரையில் அலைகள் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டு போகும். சுவர் குறுக்கே நின்றதும், வடக்கே போக வேண்டிய மணல் தெற்கிலேயே தங்கிவிட்டது. அப்படிச் சேர்ந்த கரையோரம் கவர்னர் கிராண்ட் டஃப் 1884இல் நடைபாதை போட்டு, பழைய சிசிலி ஞாபகத்தில் 'மெரினா' என்று பெயர் வைத்தார். 1923இல் இதே திருவல்லிக்கேணிக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். 1959இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை வந்தது. பாறையை நெம்பும் அந்த நால்வரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். நான் நெம்பியதெல்லாம் டேப் கட்டிய கோப்புகள்.

இந்த மணல் கதையை ஒரு மத்தியானம் சாப்பாட்டுத் தட்டோடு அளந்துகொண்டிருந்தேன். எங்கள் செக்‌ஷனில் உதவியாளராக இருந்தவர், துறைமுகத்துக்கு வடக்கே இருக்கும் ராயபுரத்துக்காரர். தெற்கில் மணல் சேரச் சேர, வடக்கே கடல் கரையைத் தின்றுகொண்டே போனது. அவர் தாத்தா வீடிருந்த தெரு இப்போது தண்ணீருக்குள். மிச்சத்தைக் காக்கக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லின்மேல் யாரும் வாக்கிங் போவதில்லை.

கேட்டுக்கொண்டே இருந்தவர் டிபன் பாக்ஸை மூடினார். "அப்ப நீ தினம் நடக்கறது எங்க மண்ணுல சார்" என்றார்.