சிறுமியின் மொழியில் பேசிய இயேசு



யாயிருடைய பன்னிரண்டு வயது மகளை இயேசு எழுப்பிய நிகழ்ச்சி நமக்கு நன்கு தெரிந்ததே. அதில் இரண்டு சிறிய செய்திகளை நாம் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். முதலாவது, இயேசு அந்தச் சிறுமியிடம் அவள் வீட்டு மொழியாகிய அரமேயத்தில் பேசினார். கிரேக்கத்தில் எழுதிய மாற்கு அந்தச் சொற்களை மட்டும் அப்படியே காத்து வைத்திருக்கிறார். இரண்டாவது, அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கும்படி சொன்னார். புதுவாழ்வு பெற்ற பிள்ளை தன் மொழியோடும், தன் வீட்டு உணவோடும், தாய் தந்தையின் அருகிலேயே இருந்தாள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த இரண்டு பள்ளிகளை இன்று பார்ப்போம்.

அமெரிக்காவில் 1810இல் நம் சீர்திருத்த சபைச் சகோதரர்கள் ஒரு மறைபரப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 'அமெரிக்கன் போர்டு' என்பது அதன் சுருக்கப் பெயர். மதுரையில் அமெரிக்கன் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்ததும் இந்தச் சங்கத்தின் பணிதான். இவர்கள் 1816இல் யாழ்ப்பாணத்தில் பணியைத் தொடங்கினார்கள். மறு ஆண்டே, 1817இல், தங்கள் நாட்டின் பூர்வகுடிகளான செரோக்கி மக்களிடையே, டென்னசி பகுதியில் பிரெய்னெர்டு என்ற இடத்தில் உறைவிடப் பள்ளி ஒன்றைத் திறந்தார்கள்.

பிரெய்னெர்டில் படித்த சிறுமிகள் எழுதிய கடிதங்கள் சில இன்றும் இருக்கின்றன. அவர்களுடைய நாள் எப்படிப் போனது என்பதை அவற்றிலிருந்து அறிகிறோம். அதிகாலையில் எழுந்து செபம். பிறகு படுக்கையை ஒழுங்குசெய்வது, கூட்டுவது, சமையலறையில் உதவுவது. அதன்பின் ஆங்கிலத்தில் வாசிப்பு, எழுத்து, கணக்கு. தையல் வேலைக்கென்று தனி நேரம். மாலையில் மீண்டும் பாடலும் செபமும். பையன்கள் வயலுக்குப் போனார்கள். சிறுமிகள் வீட்டுக்குள் வேலை செய்தார்கள்.

இதில் என்ன தவறு என்று நமக்குத் தோன்றலாம். நம் விடுதிகளிலும் ஏறக்குறைய இதே மணி அட்டவணைதானே? ஆனால் செரோக்கி மக்களிடம் வயல் என்பது பெண்களுடையது. சோளம் விதைத்து அறுத்தவர்கள் அவர்களே. வீடும் தாய்வழியில் வந்தது. பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்ந்தவர்கள். பள்ளி ஊசியையும் நூலையும் கொடுத்தபோது, அந்தச் சிறுமியின் தாய்க்கு இருந்த நிலத்தையும் மதிப்பையும் அவள் கண்ணுக்குச் சிறிதாக்கிவிட்டது. 1821 அளவில் செக்கோயா என்ற செரோக்கியர் தம் மொழிக்கு எழுத்துகளை உருவாக்கினார். மக்கள் விரைவில் கற்றுக்கொண்டார்கள். பள்ளியிலோ பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது.

அங்கே முதலில் திருமுழுக்குப் பெற்ற செரோக்கியப் பெண் கேத்தரின் பிரௌன். 1817இல் படிக்க வந்தார். மூன்றே ஆண்டுகளில் இன்னொரு ஊரில் தம் இனச் சிறுமிகளுக்கே ஆசிரியை ஆனார். 1823இல் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது இருபத்து மூன்று அளவே. அவருடைய நம்பிக்கை உண்மையானது. அதில் நமக்கு ஐயமில்லை.

இனி யாழ்ப்பாணம். 1824இல் ஹாரியட் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கான உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார். 1862இல் பெரிய தமிழ் ஆங்கில அகராதியை வெளியிட்ட மைரன் வின்ஸ்லோவின் மனைவி இவர். பெண் பிள்ளைக்கு எழுத்தறிவு எதற்கு என்று கேட்ட காலம் அது. மிஷன் வளாகத்தில் சாப்பிட்டால் சாதி போய்விடும் என்ற அச்சமும் இருந்தது. தொடக்கக் காலத்தில் இரண்டு சிறுமிகள் பகலில் வந்து கற்றுவிட்டு, மாலையில் வீடு திரும்புவார்கள். ஒருநாள் கடும் மழை. வீட்டுக்குப் போக முடியவில்லை. பசி தாங்காமல் அங்கேயே சாப்பிட்டார்கள். அப்படித்தான் மெல்ல ஒரு கதவு திறந்தது.

உடுவிலில் பிள்ளைகள் தமிழும் கற்றார்கள், ஆங்கிலமும் கற்றார்கள். பாயில் அமர்ந்தார்கள், சோறும் கறியும் உண்டார்கள். படித்து முடித்து மணமாகும் பெண்ணுக்கு மிஷன் சீதனம்கூடக் கொடுத்தது; பிள்ளைகளை இடையில் நிறுத்தாமல் இருக்கப் பெற்றோருக்கு அது ஒரு தூண்டுதல். 1840இல் வந்த எலைசா அக்னியூ அம்மையார் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கேயே இருந்தார். தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. 1883இல் யாழ்ப்பாண மண்ணிலேயே இறந்தார்.

ஆனாலும் இரண்டு பள்ளிகளுக்கும் பொதுவான ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பிள்ளைக்குப் பணம் அனுப்பும் அமெரிக்க நன்கொடையாளர், அந்தப் பிள்ளைக்குத் தாம் விரும்பும் பெயரைச் சூட்டலாம். தாய் தாலாட்டில் சொன்ன பெயர் போய், கடல் கடந்த யாரோ ஒருவருடைய பெயர் பதிவேட்டில் ஏறியது.

செரோக்கியர் நிலத்துக்காக அரசு அவர்களை விரட்ட முனைந்தபோது, சாமுவேல் வொர்செஸ்டர் என்ற மறைபணியாளர் அவர்கள் பக்கம் நின்று சிறை சென்றார். இருந்தும் 1838இல் அவர்கள் துரத்தப்பட்டார்கள். பிரெய்னெர்டு பள்ளியும் மூடப்பட்டது. வெளியேற்றத்தின்போதும் மேற்கு நோக்கிய வழியிலும் ஏறத்தாழ 4,000 பேர் இறந்தார்கள் என்று கணக்கிடப்படுகிறது.

இது பிறர் சபையின் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்திருந்த உறைவிடப் பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை நடத்தியவர்கள் கத்தோலிக்கரே. திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜூலையில் முதிர்ந்த வயதில், சக்கர நாற்காலியில் அங்கே போய் மன்னிப்புக் கேட்டார்.

நம் கோவையில் 1853இல் பிரசன்டேஷன் கன்னியர் சபை பிறந்தது. அருள்சகோதரிகள் விளக்கேற்றிய பள்ளிகளில் கொங்கு நாட்டின் எத்தனையோ பெண்கள் எழுத்தறிந்தார்கள். அதற்கு நன்றி சொல்லும் அதே வாயால், ஒரு குற்றத்தையும் அறிக்கையிட வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுதியின் பொறுப்பில் இருந்தபோது, மலைக் கிராமத்திலிருந்து ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். அவள் பெயர் நம் வாயில் நுழையவில்லை. புனிதை ஒருவரின் பெயரை எழுதிக்கொண்டோம். அவள் தாய் துணியில் கட்டிவந்த ராகிக் களியை, விடுதிச் சட்டம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினோம். அந்தத் தாய் ஒன்றும் பேசவில்லை. நாம் எழுதிய பெயர் இன்றும் நினைவிருக்கிறது. அவளுடைய சொந்தப் பெயர் நினைவில் இல்லை. நல்லெண்ணத்தோடுதான் செய்தோம். பிரெய்னெர்டிலும் நல்லெண்ணம் இருந்தது.

இன்று திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் கோவைப் பட்டறைகளுக்கும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. அவர்களில் நம் நம்பிக்கையைப் பகிர்ந்துகொள்ளும் பழங்குடி மக்களும் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் நம் மறைக்கல்வி வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். 'இந்திக்காரப் பிள்ளை' என்று பொதுவாக அழைக்கிறோம். பலருக்கு வீட்டு மொழி இந்தியும் அல்ல.

ஆகவே இந்த வாரம் ஒன்று செய்வோம். அப்படி ஒரு பிள்ளையிடம் அதன் பெயரைக் கேட்போம். சரியாகச் சொல்ல வரும்வரை இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்ப்போம். அதன் தாயையும் பங்கு விருந்துக்கு அழைத்து, அவர் சமைத்துக் கொண்டுவருவதை நாமும் சாப்பிடுவோம். தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கும் நல்ல ஆயர், அந்தச் சிறுமியை அவளுடைய சொந்தப் பெயரால்தான் அழைக்கிறார்.

இறையாசீர் உங்கள் அனைவரோடும் இருப்பதாக.