திறவுகோல் சென்று சேரும் வழி

வினாயகபுரக் கடற்கரைக்கு வடக்கே, மட்டக்களப்பை அடுத்த கடலடியில் ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கின்றது. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் அதனை மூழ்கடித்தன.

இலங்கை மீதான தாக்குதல் எதிர்பாராததன்று. கொழும்பிலிருந்த பிரித்தானிய மறைமொழி நிலையத்தார் யப்பானியச் செய்திகளை ஓரளவு படித்து, வரவிருந்த இடரை முன்னரே உணர்த்தினர். அவர்கள் கணித்த நாள் மட்டும் தவறியது.

யப்பானியக் கடற்படையினர் சொற்களை ஐந்திலக்க எண்களாக்கி, வேறொரு நூலின் எண்களை அவற்றோடு கூட்டி அனுப்பினர். அந்நூலே திறவுகோல். அதனை மாற்ற அவர்கள் எண்ணியதுண்டு. ஆயின் பெருங்கடலில் சிதறிய கப்பல்களுக்குப் புதிய நூல்களைச் சேர்ப்பிக்க இயலாது, மே இறுதிவரை காலந்தாழ்த்தினர். அதற்குள், பசிபிக்கிலுள்ள மிட்வேயைத் தாக்கும் திட்டத்தை அமெரிக்கர் அறிந்துகொண்டனர். இலங்கையைத் தாக்கிய ஐந்து விமானந்தாங்கிகளுள் மூன்று, யூன் மாதம் மிட்வேயருகே மூழ்கின.

இன்று கணினியில் ஒரு கட்டளை வரியைத் தட்டினால், வலையமைப்பின் மறுமுனையிலுள்ள திறவுகோல் வழங்கி அக்கணமே திறவுகோலை அளிக்கின்றது, கோப்பு மறைமொழியாகின்றது. திறவுகோலை மாற்றக் கப்பல் வேண்டுவதில்லை. ஆயினும் வழங்கியைக் காப்போர் அயர்ந்தால் பூட்டுகள் யாவும் ஒருங்கே திறந்துவிடும். அன்றும் இன்றும் பூட்டின் வலிமை, திறவுகோலைக் காப்பதிலும் காலத்தே கொண்டு சேர்ப்பதிலுமே தங்கியுள்ளது.