ஆர்தர் லோ (1915–1982)

ஆர்தர் லோ பிரிட்டிஷ் மேடை, திரைப்பட, தொலைக்காட்சி நடிகர். இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள ஹேஃபீல்டு என்ற சிற்றூரில் 1915 செப்டம்பர் 22 அன்று பிறந்தார். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. பிபிசி 1968 முதல் 1977 வரை ஒளிபரப்பிய ‘டாட்ஸ் ஆர்மி’ என்ற நகைச்சுவைத் தொடரில் அவர் ஏற்ற கேப்டன் மானரிங் வேடம்தான் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது. (எழுத்துக்கூட்டிப் படித்தால் மெய்ன்வேரிங் என்று வரும், ஆங்கிலேயர் சொல்வது மானரிங்.) தன் மதிப்பைப் பற்றி அளவுக்கு மீறி நினைத்துக்கொள்ளும் குட்டையான வங்கி மேலாளர் அந்தக் கேப்டன். லோவும் நிஜத்தில் அப்படித்தான், ஆகவே அவர் நடிக்கவே இல்லை, கேமரா முன் வந்து நின்றார், அவ்வளவுதான் என்று சொல்பவர்கள் உண்டு. அவரது தொழில் வாழ்க்கையை முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தால் இந்தப் பேச்சு நிற்காது.

அவரது தந்தை ரயில்வே ஊழியர். ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழுக்களைச் சிறப்பு ரயில்களில் ஏற்றி அனுப்பும் பொறுப்பு அவருடையது. மகன் மான்செஸ்டரில் வளர்ந்தார். வணிகக் கப்பலில் சேர ஆசைப்பட்டார். கண்பார்வை போதாமல் அது நடக்கவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது ராணுவ வீரராக மத்தியக் கிழக்கில் பணியாற்றுகையில், சக வீரர்களுக்காக நாடகம் போட ஆரம்பித்தார். போர் முடிந்த 1945இல் மான்செஸ்டரின் ஹல்ம் ஹிப்போட்ரோம் அரங்கில் தொழில்முறை நடிகராக மேடையேறியபோது அவருக்கு வயது ஏறக்குறைய முப்பது. அது ‘ரெப்’ என்று நாடகக்காரர்கள் சுருக்கிச் சொல்லும் குழு. மாலையில் இந்த வாரத்து நாடகத்தை நடித்துக்கொண்டே பகலில் அடுத்த வாரத்து நாடகத்துக்கு ஒத்திகை பார்க்க வேண்டும். இந்த வாரம் பாதிரியார், அடுத்த வாரம் கொலைகாரன், அதற்கடுத்த வாரம் வீட்டு வேலைக்காரன். இப்படிப் பழகியவருக்குத் தன்னைத் தவிர வேறொருவரை நடிக்கத் தெரியாது என்பது முதல் பார்வையிலேயே இடிக்கிறது. இந்தக் குழு வாழ்க்கையில் சந்தித்த நடிகை ஜோன் கூப்பரை 1948இல் மணந்தார். 1949இல் வெளிவந்த ‘கைண்டு ஹார்ட்ஸ் அண்டு கொரோனெட்ஸ்’ படத்தின் கடைசிக் காட்சியில் நிருபராக ஒரு கணம் தலைகாட்டுகிறார். அதன்பின் பதினொரு ஆண்டுகள் இசை நாடகங்கள், சிறு வேடங்கள் என்றே போயின.

1960இல் தொடங்கிய ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’ தொடரில் துணிக்கடையை நடத்தும் லெனார்டு ஸ்விண்ட்லியாக வந்த பிறகுதான் தெருவில் போகிறவர்கள் அவரை அடையாளம் கண்டார்கள். ஸ்விண்ட்லியும் கண்ணியத்தைக் கஞ்சி போட்டு விறைப்பாக்கி உடுத்தியவர்தான்; திருமணத்தின்போது மணப்பெண் எமிலி கைவிட்டுப் போகும்போதும் அந்த விறைப்பு குலைவதில்லை. ஆக, மானரிங்கின் விதை 1968க்கு முன்பே ஊன்றப்பட்டுவிட்டது. அது ஒரு மனிதரின் சுபாவமல்ல, தொழிலில் தீட்டிய உரு. 1965இல் லோ அந்தத் தொடரைவிட்டு வெளியேறினார்.

‘டாட்ஸ் ஆர்மி’க்கு அடிப்படையான வரலாறு உண்மையானது. 1940 மே மாதம் ஜெர்மானியப் படையெடுப்பு எந்நேரமும் வரலாம் என்றிருந்தபோது, ராணுவத்தில் சேராத ஆண்களைக் கொண்டு உள்ளூர்க் காவல் படை ஒன்றை அரசு அமைத்தது. சில வாரங்களில் அதற்கு ‘ஹோம் கார்டு’ என்று பெயர் மாற்றப்பட்டது. இளவயதில் அதில் பணியாற்றிய ஜிம்மி பெரி, டேவிட் கிராஃப்டுடன் சேர்ந்து இந்தத் தொடரை எழுதினார். மானரிங் வேடத்துக்கு லோ முதல் தேர்வு அல்ல. தோர்லி வால்டர்ஸ் மறுத்த பிறகே வாய்ப்பு நகர்ந்து வந்தது. வழக்கமான கணக்குப்படி, மேட்டுக்குடித் தோரணை கொண்ட ஜான் லெ மெசூரியர் கேப்டனாகவும் லோ சார்ஜென்டாகவும் இருந்திருக்க வேண்டும். எழுத்தாளர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். கடைக்காரர் வீட்டிலிருந்து கிராமர் ஸ்கூல் படித்து முன்னேறியவர் கேப்டன். பப்ளிக் ஸ்கூல் படித்தவர் அவருக்குக் கீழே. (பிரிட்டனில் பப்ளிக் ஸ்கூல் என்றால் பொதுப்பள்ளி அல்ல, பணக்காரர்கள் கட்டணம் கட்டிப் படிக்கும் தனியார் பள்ளி.) படையில் அதிகாரம் ஒருவரிடம், பிறப்பால் வந்த மிடுக்கு இன்னொருவரிடம். எண்பது அத்தியாயங்களுக்கும் தீனி போட்டது இந்த முரண்தான்.

இங்கே லோவின் வேலையைக் கிட்டத்தில் பார்க்கலாம். 1973இல் ஒளிபரப்பான அத்தியாயம் ஒன்றில், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் தலைவன், தன்னை அவமதிப்பவர்களின் பெயர்களைக் குறித்து வைத்துக்கொள்கிறான். ஹிட்லரைக் கேலி செய்து பாடிய இளைஞன் பைக்கின் பெயரை அவன் கேட்கிறான். சொல்லாதே என்று பையனைத் தடுக்கும் அதே மூச்சில் மானரிங் அவன் பெயரையும் சொல்லிவிடுகிறார். எழுத்தில் இது சாதாரணச் சிரிப்புத் துணுக்கு. ஆனால் தான் தவறிவிட்டதாக லோவின் முகத்தில் ஒரு சிறு சுருக்கம்கூட இல்லை. படைத்தலைவன் தன் ஆளைக் காக்கும் கண்டிப்போடுதான் அந்தச் சொல் வருகிறது. நகைச்சுவை தெரிந்த நடிகர் அங்கே சிரிப்புக்காக ஒரு கணம் காத்திருப்பார், லோ காத்திருக்கவில்லை. 1969இல் வந்த இன்னொரு அத்தியாயத்தில், வங்கியின் காப்பறைக்குள் விழுந்த வெடிக்காத குண்டை மானரிங்கும் லெ மெசூரியர் நடித்த சார்ஜென்ட் வில்சனும் கைகளில் தாங்கியபடி உட்கார்ந்திருக்கிறார்கள். சிரிப்பு குண்டினால் வருகிறது, அச்சமும் அதனாலேயே வருகிறது. அசையாமல் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர் கோமாளி அல்லர், கோழையும் அல்லர் என்று பார்ப்பவருக்குப் புரிகிறது. போரில் பங்கெடுத்தவர்களை இந்தத் தொடர் கிண்டல் செய்கிறதோ என்று பிபிசி மேலிடத்தில் தொடக்கத்தில் தயக்கம் இருந்தது. அதற்கு லோவின் நடிப்பே விடை. அவர் நடித்தது அகந்தையை அல்ல, கண்ணியத்தை. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் தொப்பியும் மூக்குக்கண்ணாடியும் கோணிக்கொள்ளும், கண்ணியம் மட்டும் நேராகவே நிற்கும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஒப்பந்தத்திலேயே தான் கால்சட்டையைக் கழற்றும் காட்சி கூடாது என்று லோ நிபந்தனை வைத்தார் என்பது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. எழுத்தாளர்களும் அவரைக் கவனித்து அவருக்கேற்ப எழுதினார்கள். அப்படியானால் மானரிங் லோதானே? ஓரளவுக்கு ஆம், அதை மறுத்து வாதிடுவது வீண். ஆனால் தன் சுபாவத்தைக் கச்சாப்பொருளாகப் பயன்படுத்துவது வேறு, அதைத் தாண்ட முடியாமல் இருப்பது வேறு. 1975 கிறிஸ்துமஸ் அத்தியாயத்தில் மானரிங்கின் குடிகாரச் சகோதரன் பாரியாகவும் லோவே நடித்தார். அதே முகம், அதே உயரம்; ஆனால் வாயும் தோளும் தளர்ந்துவிடுகின்றன. மானரிங் ஆண்டாண்டாகக் கட்டிக் காத்த மரியாதை, தந்தையின் கடிகாரத்தைக் கேட்டு வரும் சகோதரன் முன்னால் ஆட்டம் காண்கிறது. தன்னைத் தானே நடிப்பவரால் இரண்டு எதிரெதிர் ‘தன்’களை எப்படி நடிக்க முடியும்?

தொலைக்காட்சிக்கு வெளியிலும் சான்று உண்டு. ‘டாட்ஸ் ஆர்மி’ தொடங்கிய 1968இலேயே இயக்குநர் லிண்ட்சே ஆண்டர்சனின் ‘இஃப்....’ படத்தில், அதிகாரத்தை மூத்த மாணவர்களிடம் தாரைவார்த்துவிட்டு ஒதுங்கும் விடுதி ஆசிரியராக வந்தார். மானரிங் வீங்கிய அதிகாரம் என்றால் இது காற்றுப்போன அதிகாரம். 1974இல் ஓல்ட் விக் அரங்கில் ஜான் கில்குட்டுடன் ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தில் நடித்தார். ஆண்டர்சனின் ‘ஓ லக்கி மேன்!’ (1973) படத்தில் மூன்று வேடங்கள் ஏற்று, சிறந்த துணைநடிகருக்கான பாஃப்டா விருதும் பெற்றார். அவற்றில் ஒன்று, முகத்தில் கறுப்புப் பூசி நடித்த ஆப்பிரிக்க ஆட்சியாளர் வேடம். படத்தின் நோக்கம் பகடிதான் என்றாலும் இன்று அதை நெளியாமல் பார்க்க முடியாது, அந்த விருதைச் சொல்லும்போது இதை மறைப்பதும் சரியல்ல.

வெற்றி எழுத்துக்கும் குழுவுக்கும் உரியது, லோவுக்கு அல்ல என்பது இன்னொரு மறுப்பு. சக நடிகர்களான லெ மெசூரியர், கிளைவ் டன், ஜான் லாரி ஆகியோர் இல்லாமல் அந்தத் தொடர் இல்லைதான். ஆனால் 2019இல், அழிந்துபோன மூன்று அத்தியாயங்களைப் பழைய வசனங்களைக் கொண்டே புதிய நடிகர்களை வைத்துப் படமாக்கினார்கள். மானரிங்காகக் கெவின் மெக்னல்லி திறமையாகவே நடித்தார். எனினும் அவர் பிடிக்க முயன்றது காகிதத்திலிருந்த கேப்டனை அல்ல, லோவின் குரலையும் இடைவெளிகளையும்தான். வசனத்தோடு நடிகரும் மூலமாகிவிட்டார் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பிற்காலத்தில் ‘பிளெஸ் மீ, ஃபாதர்’ தொடரில் கத்தோலிக்கப் பாதிரியாராகவும் ‘பாட்டர்’ தொடரில் ஓய்வுபெற்ற தொழிலதிபராகவும் நடித்தார். குழந்தைகளுக்கான ‘மிஸ்டர் மென்’ கதைகளுக்குக் குரல் கொடுத்தார். 1885இல் கட்டப்பட்ட ‘அமேசான்’ என்ற பழைய உல்லாசக் கப்பலை வாங்கிப் பழுதுபார்த்து வைத்திருந்தார். கடற்பயண ஆசை அப்படித்தான் நிறைவேறியது. மேடையை மட்டும் விடவில்லை. 1982 ஏப்ரல் 14 அன்று பர்மிங்ஹாமின் அலெக்ஸாண்ட்ரா அரங்கில், மனைவியுடன் நடித்துவந்த ‘ஹோம் அட் செவன்’ நாடகம் தொடங்குமுன் ஒப்பனை அறையில் பக்கவாதம் தாக்கியது; மறுநாள் 66ஆம் வயதில் இறந்தார். தொடரின் வெளிப்புறக் காட்சிகள் படமாக்கப்பட்ட தெட்ஃபோர்டு ஊரில் 2010இல் அவர் உருவத்தில் ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சிலை அணிந்திருப்பது மானரிங்கின் சீருடை.