ஈரம் காத்த கண்ணாடிப் பேழை



நம் நாட்டில் ஆர்க்கிட் வளர்ப்பது அரிய செயலன்று. தேங்காய் மட்டையில் கட்டி வாசலில் தொங்கவிட்டால் போதும்; எஞ்சியதை நம் ஈரக்காற்றே பார்த்துக்கொள்ளும். மரக்கிளைகளைப் பற்றி வாழும் ஆர்க்கிட் வகைகளின் வேர்களைப் பஞ்சு போன்ற வெண்ணிற உறை மூடியிருக்கும். மழைநீரை விரைந்து உறிஞ்சித் தருவது அவ்வுறையே. காற்று நெடுநாள் வறண்டிருந்தால் வேரும் வாடிவிடும்.

19ஆம் நூற்றாண்டு இலண்டனில் இதுவே பெருஞ்சிக்கலாயிற்று. வெப்பமண்டல ஆர்க்கிட் மலர்கள்மீது அந்நாட்டுச் செல்வர்கள் பித்துக் கொண்டிருந்தனர். ஆனால், குளிர்ந்த காற்றில் நீராவி குறைவு. அதனை அறைக்குள் கணப்பு மூட்டிச் சூடேற்றினால் மேலும் வறண்டதாகிவிடும். வெளியிலோ நிலக்கரிப் புகை. கப்பலில் வந்த செடிகளுள் பலவும் உப்புக்காற்றால் வழியிலேயே மடிந்தன.

இதற்கு வழி கண்டவர் நத்தானியல் பாக்சா வார்ட் என்னும் இலண்டன் மருத்துவர். 1829இல் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணில் புதைத்து, மூடியிட்ட கண்ணாடிக் குப்பியில் வைத்திருந்தார். அம்மண்ணில் பெரணிச் செடியும் புல்லும் தாமே முளைத்தன. பகலில் ஆவியாகி எழுந்த நீர் கண்ணாடியில் படிந்து, மீண்டும் மண்ணுக்கே திரும்புவதை அவர் கண்டார். 1833இல் இரு கண்ணாடிப் பேழைகளில் செடிகளைச் சிட்னிக்கு அனுப்பினார். பல மாதக் கடற்பயணத்திற்குப் பின்னும் அவை பசுமை மாறாமல் சென்றடைந்தன. 1842இல் இதனை நூலாகவும் எழுதினார். அதன்பின் 'வார்டியன் பேழை' வீட்டுக் கூடங்களில் இடம்பெற்றது. பெரணிகளும் ஆர்க்கிட்களும் அதனுள் ஈரம் குன்றாமல் வளர்ந்தன.

அப்பேழையின் பயணம் கூடங்களோடு நின்றுவிடவில்லை. 1876இல் பிரேசிலிலிருந்து கியூ தாவரத் தோட்டத்திற்கு ரப்பர் விதைகள் கொண்டுவரப்பட்டன. முளைத்த நாற்றுகள் அதே ஆண்டில் வார்டியன் பேழைகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. 1877இல் 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னர் எழுந்த பால்மரக் காடுகளுக்காகவே நம் முன்னோர் பல்லாயிரவர் தமிழகத்திலிருந்து கப்பலேறினர். செடிகளுக்குக் கிடைத்த பாதுகாப்பு அம்மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை. பயணத்திலும் தோட்டங்களிலும் நோயுற்று மடிந்தோர் பலர். இதனை நம் மாணவர்கள் அறிய வேண்டாமா?

வகுப்பில் நீர்ச்சுழற்சியைக் கற்பிக்கும்போது, அகன்ற வாய்க் குப்பியில் சிறிது கரியும் ஈரமண்ணும் இட்டு, ஒரு பெரணியை நட்டு மூடி, நேரடி வெயில் படாத இடத்தில் வையுங்கள். கண்ணாடியில் நீர்த்துளிகள் திரளும் அந்நேரத்தில் இவ்வரலாற்றையும் சொல்லுங்கள். அறிவியல் பாடத்தினூடே தம் பாட்டன் பாட்டியர் வந்த வழியும் பிள்ளைகளுக்குத் தெரியவரும்.