கொண்டை ஊசி வளைவு தெரிந்த நிரல்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குப் பஸ்ஸில் ஏறியவர்களுக்குத் தெரியும்: கைதேர்ந்த டிரைவர் வளைவுக்குள் போய் பிரேக்கை மிதிப்பதில்லை, வளைவு வருமுன்பே வேகத்தைக் குறைத்துவிடுவார். மரப்பலகையில் வீட்டுப் பெயர் செதுக்கும், கம்ப்யூட்டர் எண்களைக் கொடுத்து ஓட்டும் சிஎன்சி இயந்திரத்துக்கும் அந்தச் சாமர்த்தியம்தான் வேண்டும்.

எண்களைக் கொடுத்து மில்லிங் இயந்திரத்தை ஓட்டுவதை அமெரிக்காவின் எம்ஐடி 1952-லேயே செய்து காட்டியது. துளையிட்ட நாடா, வெற்றிடக் குழாய்கள். அன்று அது பெரிய ஆலைகளுக்கே கட்டுப்படியானது. 1990-களில் அந்நாட்டு அரசின் நிஸ்ட் நிறுவனம் இத்தகைய இயந்திரங்களை ஓட்ட இஎம்சி என்றொரு நிரலை எழுதியது. அரசு ஊழியர்கள் எழுதியதற்கு அங்கே பதிப்புரிமை கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இன்றைய லினக்ஸ்சிஎன்சி அதன் வாரிசு. இந்த நிரல்களைப் போட்டு, பழைய கம்ப்யூட்டரின் பிரின்டர் போர்ட் வழியாக மோட்டார்களை ஓட்டினார்கள். பிறகு அந்தப் போர்ட்டே லேப்டாப்களிலிருந்து காணாமல் போனது.

2009-இல் நார்வேயின் சிமென் ஸ்வாலே ஸ்கோக்செத் மோட்டார்களை ஓட்டும் வேலையை ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையின் தலையில் கட்டினார். அதற்காக அவர் எழுதிய நிரல்தான் ஜிஆர்பிஎல். 2011 முதல் அதை வளர்த்தெடுத்தவர் சன்னி ஜியோன். ஆர்டுயினோ ஊனோவின் சிப்பில் நிரலுக்கு 32 கிலோபைட், வேலை செய்ய 2 கிலோபைட் நினைவகம். வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படத்துக்கே அது போதாது! அதற்குள்ளிருந்து, துடிப்புக்கு ஒரு படியாக நகரும் ஸ்டெப்பர் மோட்டார்களுக்கு நொடிக்கு 30,000 துடிப்புகள் வரை போகின்றன.

'ட' எழுத்தைச் செதுக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். கீழ்நோக்கி வந்த பிட் (செதுக்கும் முனை) மூலையில் சட்டென வலப்பக்கம் திரும்ப வேண்டும். அதே வேகத்தில் வந்தால் மோட்டார் படி தவறும், எழுத்து கோணும். ஒவ்வொரு மூலையிலும் நின்று போனால் மரம் கருகும். ஜிஆர்பிஎல் வரப்போகும் 16 அசைவுகள் வரை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறது. மூலையில் இரண்டு கோடுகளையும் தொடும் ஒரு கற்பனை வட்டத்தைப் போட்டு, அந்த வளைவில் எவ்வளவு வேகம் தாங்கும் என்று பார்க்கிறது. பிறகு கடைசி அசைவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, எங்கே வேகம் குறைய வேண்டும் என்று முடிவெடுக்கிறது. பிட் போவதென்னவோ கூர்மூலையில்தான். வட்டம் கணக்கில் மட்டுமே. ஜிஆர்பிஎல் இலவசம்தான்; ஆனால் அதைவிட இந்தக் கணக்குதான் அதன் பெருமை என்பேன். முப்பரிமாண அச்சு இயந்திரங்களை ஓட்டும் மார்லின் நிரலும் இதன் இயக்கக் கணக்கை எடுத்துக்கொண்டது.

நீங்களும் செய்து பார்ப்பதானால், முதல் நாளே மரத்தில் கை வைக்காதீர்கள். பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலைக் கழற்றிப் பேனாவை மாட்டி, காகிதத்தில் ஒரு சதுரம் போடுங்கள். தொடங்கிய புள்ளியிலேயே கோடு வந்து முடிகிறதா என்று பாருங்கள்.